சுண்ணாம்புக் கோட்டு வீடு

சுவரே இல்லாத ஒரு வீட்டில் நான் ஒரு கோடைகாலம் முழுக்கக் குடியிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் இது தெரியாத ஆள் யாரும் பாக்கியில்லை. அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும்.

ஊருக்குக் கிழக்கே, வயல் முடிந்து பனைவரிசை தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு ஒரு மனை உண்டு. அதில் கட்டப்போகிற வீட்டின் அறைகளையெல்லாம் நான் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு வைத்திருந்தேன். கடக்கால் தோண்டுவதற்கு முதல்நாள் கொத்தனார்கள் செய்கிற வேலை அது. நான் சற்று முன்கூட்டியே, அதாவது கொத்தனாரே ஏற்பாடாகாத காலத்தில், செய்துவிட்டேன். சாயங்காலம் பாலக்காட்டு ஆபீசிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினால் வாடகை வீட்டில் பையை வைத்துவிட்டு, மனைவி ஊற்றிக் கொடுக்கும் டீ ஃப்ளாஸ்கை வாங்கிக்கொண்டு நேராக மனைக்குப் போய்விடுவேன். வாசலுக்கென்று கோட்டில் இடைவெளி விட்டிருந்தேன். அதன் வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, வாசிப்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இருட்டும்வரை படிப்பேன். ஃப்ளாஸ்கை வைக்கும் இடம் சமையலறை. டீ வேண்டுமென்றால் எழுந்து, கூடத்துக்கு வந்து, சுற்றிக்கொண்டு போவேன். குறுக்கே கையை நீட்டினால் எட்டிவிடும்தான். ஆனால் அங்கே சுவர் இருந்தது.

பக்கத்து வயல்காரர் மாடு வைத்திருப்பவர். பொழுது சாய்ந்ததும் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு என் மனைக்குள் புகுந்து குறுக்குவழியில் போவார். ஒருநாள் அவர் நேராக என் படுக்கையறைக்குள் வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, வாசல் அந்தப் பக்கம் இருக்குதுங்க" என்றேன்.

வேடிக்கைக்குச் சொன்னதாகப் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவர் தலைச்சுமையோடு நின்று என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். திரும்பி, சுற்றிக்கொண்டு போய், வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பின்வாசல் இருக்குதுங்களா சார்? இல்லை, வந்த வழியே போகோணுங்களா?"

"சமையலறை வழியாப் போலாமுங்க."

சமையலறை வழியாகவே போனார். பிறகு செருப்பை எடுக்க வெளிப்புறமாக மறுபடி சுற்றி வந்தார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நான் நெகிழ்ந்துபோனேன். மறுநாள் காலையில் டீக்கடையில் எனக்குப் பெஞ்சில் இடம் விட்டவர், "செருப்பைக் கழத்தோணுங்களா சார்?" என்று கேட்டபோதுதான் பண்பு எந்தெந்தக் கடைவரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது.

கொஞ்ச வருஷமாக எங்கள் பக்கத்தில் வில்லாக்கள் முளைக்கின்றன. ஒரு தென்னந்தோப்பை வாங்குவார்கள். சுற்றி மதில் எடுப்பார்கள். ஒரு கேட், கேட்டில் ஒரு காவல்காரர், உள்ளே ஒரே அச்சில் வார்த்த வீடுகள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வாங்குகிறார்கள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் இளம் தம்பதிகள் வாங்குகிறார்கள். மாங்காய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம் முதலமடை வியாபாரிகளும் வாங்குகிறார்கள். என் மனைவிக்கும் அப்படி ஒன்று வாங்க ஆசை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளில் மற்றவர்களுடைய ஆணிகளில் மாட்டியே வாழ்ந்தவள் அவள்.

எனக்கு அந்த வில்லாக்களைக் கண்டால் ஆகாது. சிற்றிதழ் ஒன்றில் நான் அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவதுண்டு. அதில் வில்லாவாசி ஒருவன் இருட்டில் அடுத்த வீட்டுக்குள் போய், அங்கே போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, குழம்பில் உப்பில்லை என்று சண்டையும் போட்டுவிட்டுத் தூங்கிப்போவதாக எழுதினேன். அது கொஞ்சம் பேசப்பட்டது. முக்கியமாக நான் பேசினேன்.

"சட்டை மட்டும் ரெடிமேடுலதானுங்க எடுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"சட்டைக்குள்ள உக்காந்து படிக்க முடியாதல்ல கண்ணு."

"நீங்க ஊட்டுக்குள்ள உக்காந்து படிப்பீங்க. நான்தானுங்க அதுக்குள்ள நின்னு வேலை செய்யோணும்."

இந்த விவாதத்தில் நான் ஜெயித்தேன். மனைவி அதற்குமேல் பேசவில்லை என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

ஜெயித்தும் வீடு எழும்பாமல் சுண்ணாம்பிலேயே கிடந்ததற்குக் காரணம் சாஸ்திரம். எல்லைப்புறத்துக்காரர்களுக்கு வீட்டு விஷயத்தில் இரண்டு கணக்கு உண்டு. தமிழ்க் கணக்கு அறையின் உள்ளளவை அடியில் பார்க்கும்: இத்தனை அடி இருந்தால் செல்வம், ஓரடி கூடினால் பகை, இன்னோரடி கூடினால் மறுபடி செல்வம். மலையாளக் கணக்கு வீட்டின் சுற்றளவைக் கோலில் அளந்து, பெருக்கி, வகுத்து, மீதி என்ன நிற்கிறது என்று பார்க்கும். அந்த மீதியில்தான் குடியிருப்பவர்களின் ஆயுள் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் விவரமானவர்கள். இரண்டு தரப்பையும் கேட்பார்கள். யார் சொல்வது தங்களுக்குத் தோதாக இருக்கிறதோ, அன்றைக்கு அவருடைய சாஸ்திரத்தில் நம்பிக்கை வைப்பார்கள். படிக்கட்டை இடிக்க மனமில்லாதவனுக்குத் தமிழ்; கிணற்றை மூட மனமில்லாதவனுக்கு மலையாளம்.

என் மாமனார் தமிழ்க் கணக்கு. வாசக்கால் செய்ய ஒப்புக்கொண்ட ஆசாரி மலையாளக் கணக்கு.

"கூடம் நம்ம கணக்குல வந்தாப் போதுமுங்க மாப்பிள்ளை. ஆசாரி சொன்னாச் சொல்லிட்டுப் போறான்" என்றார் மாமனார்.

"உள்ளே எத்தனை அடி வேணுமோ அத்தனை வச்சுக்கோ சாரே. சுத்து சரியாகலைன்னா நான் வாசக்கால் தொட மாட்டேன்" என்றார் ஆசாரி.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கட்டத் தொடங்கியிருப்பார்கள். சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லாதவன் என்பதால் எனக்கு அந்தச் சாமர்த்தியம் வரவில்லை. இதை ஒரு கணக்குப் புதிராக எடுத்துக்கொண்டேன். இரண்டு சாஸ்திரமும் ஒருசேரத் தலையாட்டும் வீட்டை வரைந்து காட்டுவேன் என்று கிளம்பினேன். உள்ளளவு சரியாக வந்தால் சுற்று கெட்டது. சுற்று சரியானால் சமையலறையில் பகை வந்து உட்கார்ந்தது. சுவரின் கனம்தான் பெரிய எதிரி. அது தமிழ்க் கணக்கில் இல்லை, மலையாளக் கணக்கில் உண்டு. ஆபீசில், பஸ்ஸில், ஒரு சாவு வீட்டில்கூடக் கணக்குப் போட்டேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய பிறகு ஒருநாள் எல்லா அறையும் சுற்றளவும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டன. கிழக்கோரத்தில் ஒரு துண்டு இடம் மட்டும் மீந்தது. படுக்கையறைக்குப் போதாது, சாமான் போட்டு வைக்க அதிகம். தமிழும் மலையாளமும் ஒத்துப்போவதற்காக விட்டுக்கொடுத்த அந்த இடத்தைத்தான் நான் வாசிப்பறையாக்கினேன்.

அதில் ஒரு ஜன்னல் வைத்தேன். வழக்கமான ஜன்னல் இடுப்பு உயரத்தில் தொடங்கும். சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் வானம் மட்டும் தெரியும். வானத்தைப் பார்க்க நான் வீடு கட்ட வேண்டியதில்லை. என்னுடையது முழங்கால் உயரத்தில் தொடங்கியது. சாய்ந்தபடியே வயலும் வரப்பும் பனையின் அடிமரமும் தெரிய வேண்டும். வீட்டில் எந்தச் சாஸ்திரமும் கேட்காத, நான் மட்டும் கேட்ட ஒரே சங்கதி அது. மற்றதெல்லாம் கணக்கு, அந்த ஜன்னல்தான் நான்.

என் மனைவியின் தம்பி கட்டட காண்ட்ராக்டர். புத்தகம் என்றால் கொட்டாவி விடுகிறவன். அவன் ஒரு சாயங்காலம் மனைக்கு வந்தான். வாசல் வழியாகவே வந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

"மாமா, மெய்யாலுமே ரெண்டு கணக்கும் ஒத்து வருதுங்களா?"

"உங்கப்பாகிட்டயும் ஆசாரிகிட்டயும் போய்க் கேளு மாப்ளே."

போய்க் கேட்டுவிட்டே வந்தான். இரண்டு பேரும் சரியென்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போவது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அடிக்கடி வந்தான். டேப்பை ஒரு பக்கம் என்னைப் பிடிக்கச்சொல்லி ஒவ்வொரு அறையையும் அளந்தான். ஜீப்பின் மேலே ஏறி நின்று முழு வீட்டையும் போனில் படம் பிடித்தான். இந்தச் சுவர் ஏன் இங்கே, அந்தக் கழிவுத்தொட்டி ஏன் அங்கே என்று கேட்டான். நான் விளக்க விளக்க, "அடேங்கப்பா, இது யாருக்குங்க மாமா தோணும்!" என்றான். இத்தனை வருஷம் எழுதி இவ்வளவு கவனமான ஒரு வாசகன் எனக்குக் கிடைத்ததில்லை. அவனுக்காகவே சில விஷயங்களை இரண்டு தடவை சொன்னேன்.

"பஞ்சாயத்துப் பெர்மிட்டை என்கிட்ட உடுங்க மாமா. நீங்க அந்த ஆபீசுல போய் நின்னா உங்களுக்குப் பொறுமை இருக்காது" என்றான். என் பொறுமையின் மேல் அவனுக்கு இருந்த அக்கறை மனதைத் தொட்டது. பிளானைக் கொடுத்துவிட்டேன்.

அதன் பிறகு பெர்மிட் ஒவ்வொரு இடமாகப் பயணம் போனது. ஆபீசர் மாறிவிட்டாராம். கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றமாம். பிறகு தேர்தலாம். இடையில் மழை வந்து வீட்டைக் கரைத்தது. வெயில் வந்ததும் மறுபடி சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டேன். மறுபடி மழை. இடவப்பாதி மழை பிடித்த பிறகு கூடத்தில் தவளை கத்தியது. நான் குடை பிடித்துக்கொண்டு வாசிப்பறை இருந்த இடத்தில் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவேன். மனைவி அப்போதும் ஃப்ளாஸ்கை நிரப்பிக் கொடுத்தாள். "நனையாம இருங்க" என்பாள்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "தம்பி பார்ட்னராச் சேந்து ஒரு வில்லா போட்டிருக்கறானாமா. மாடல் ஊடு தொறக்கறாங்களாம். ஒரு எட்டு போயிட்டு வந்துரலாமுங்க" என்றாள்.

சந்தோஷமாகக் கிளம்பினேன். இன்னொரு கட்டுரைக்கு விஷயம் கிடைக்கும் என்று ஒரு பேனாவைக்கூடச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

பாலக்காட்டு ரோட்டில் பெரிய போர்டு. தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது: இரண்டு சாஸ்திரங்களும் பொருந்தும் வீடுகள். நான் அதைப் படித்தேன், புரியவில்லை. படித்தவன் என்று எனக்குள்ள பெயரை நான் இந்த இடத்தில்தான் சந்தேகிக்கிறேன்.

மாடல் வீட்டு வாசலில் பலூன் தோரணம். டை கட்டிய ஒரு இளைஞர் எங்களை வரவேற்று, "இப்படி வாங்க சார், ஹால் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டுவதற்குள் நான் கூடத்தைப் பாதி கடந்திருந்தேன். சமையலறைக்குப் போக எங்கே திரும்ப வேண்டும் என்று என் கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு கோடை முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்த கால்கள் அல்லவா. கோடாக இருந்ததெல்லாம் சுவராக நின்றது. தோள் எங்கும் இடிக்கவில்லை.

"சார் முன்னாடியே வந்து பாத்திருக்கீங்களா?" என்றார் இளைஞர்.

"குடியிருந்திருக்கேன்."

அவர் சிரித்து வைத்தார். வருகிறவர்களின் ஜோக்குக்குச் சிரிப்பதும் அவருடைய வேலையில் சேர்த்தி போலும். நான் கிழக்கோரத்துக்குப் போனேன். கதவைத் திறந்தேன். என் துண்டு இடம்.

"இது மல்டி யூஸ் ரூம் சார். இன்வெர்ட்டர் வைக்கலாம், வாஷிங் மெஷின் வைக்கலாம், துணி அயர்ன் பண்ணலாம். என்ன வேணும்னாலும் பண்ணிக்கலாம்."

ஜன்னல் இடுப்புக்கு மேலே ஏறியிருந்தது. வெளியே தெரியாத பூக்கண்ணாடி வேறு.

வெளியே வந்தேன். மழை கழுவிய வெயிலில் இரண்டு வரிசையாக என் வீடு நின்றுகொண்டிருந்தது. என் வீடு, அதையடுத்து என் வீடு, எதிரேயும் என் வீடு. ஒன்றுக்கு மட்டும் வெளிர்பச்சை பூசியிருந்தார்கள்.

மைத்துனன் டீ கொடுக்கிற மேஜையருகே நின்றிருந்தான். அவனிடம் போய், "மாப்ளே, இது என்ற ஊடு" என்றேன்.

"ஆமாங்க மாமா! வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் அதைத்தான் சொல்லீட்டிருக்கறேன். எங்க மாமா மூளைன்னு."

"என்கிட்ட மட்டும் சொல்லலை."

"சொன்னா உடுவீங்களா?"

இவ்வளவு நேர்மையான பதிலுக்கு நான் தயாராக இல்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு கேள்வி.

"ஜன்னலை எதுக்குத் தூக்கினே?"

"அதுங்களா? அது ஒண்ணு தப்பா வரைஞ்சிருந்தீங்க மாமா. நான் சரி பண்ணீட்டேன்" என்றான். குரலில் பெருமை இருந்தது. என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே அவன் நினைத்திருந்தான்.

மனைவி இன்னும் வெளியே வரவில்லை. உள்ளே போனேன். மாடல் வீட்டுச் சமையலறையில் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றிருந்தாள். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் இங்கே முதல் தடவை வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"நீங்க காயிதத்துல வரைஞ்சு முடிச்ச தையிலயே அவன் கேட்டான். சரின்னுட்டேன்."

தையில். நான் சுண்ணாம்பு போட்டது மாசிக் கடைசியில். அப்படியென்றால் நான் அந்த வீட்டுக்குள் முதல் தடவை நுழைவதற்கு முன்பே அது விற்பனைக்குப் போய்விட்டது. அந்தக் கோடை முழுக்க அவள் ஒவ்வொரு சாயங்காலமும் ஃப்ளாஸ்கில் டீயை நிரப்பி, மூடியைத் திருகி, கையில் கொடுத்து என்னை அனுப்பி வைத்திருக்கிறாள். மைத்துனன் செய்ததை என்னால் ஒரு கட்டுரையாக்கிவிட முடியும். அந்த ஃப்ளாஸ்கை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

"என்னைக் கேக்கோணும்னு தோணலையா?"

"நீங்க சுண்ணாம்பு வாங்கறப்ப என்னைக் கேட்டீங்களா?" என்றாள். குழாயை மூடினாள். "ஏனுங்க, நான் வேற எவனோ வரைஞ்ச ஊட்டுக்கா போறேன்னேன்? நீங்க வரைஞ்சதுதான். அதுல குடியிருக்கோணும்னு எனக்கும் ஆசை இருக்காதுங்களா? உங்க கையில அது எந்திரிச்சு நிக்காதுங்க. அவன் கையில நின்னுருச்சு. அந்தக் கோடி ஊட்டை நமக்குன்னு சொல்லி வச்சிருக்கறேன்."

வரிசையின் கோடியில் நின்றது அந்த வெளிர்பச்சை வீடு.

வீடு திரும்பினோம். அவள் சொன்னதில் அன்பு இருந்தது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அன்பினால் ஏமாற்றப்பட்டவனுக்குக் கோபித்துக்கொள்ளவும் ஒழுங்காக ஒரு இடம் கிடைப்பதில்லை. அதுதான் அதில் உள்ள சிரமம்.

அடுத்து வந்த நாட்களில் குடும்பமே கூடிப் பேசியது. வில்லாவை எடுத்துக்கொள் என்றார்கள். அதே வீடு, தயாராக நிற்கிறது, மதிலும் கேட்டும் காவல்காரரும் சேர்த்து. அதையே மனையில் தனியாகக் கட்டுவது வெறும் வீம்பு என்றார்கள். அதை நானும் மறுக்கவில்லை. வீம்பாகவாவது வேறு ஒரு வீடு கட்டலாம் என்று புதுக் காகிதத்தை விரித்தேன். கூடத்தை மாற்றினால் சுற்று கெட்டது. சுற்றைச் சரிசெய்தால் கூடம் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சாஸ்திரம் இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரே ஒரு வீட்டைத்தான் அனுமதித்திருந்தன. அதையும் என் மைத்துனன் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டான். சாஸ்திரத்தை விட்டுத் தொலைக்கலாமே என்பீர்கள். மாமனார் விட்டாலும் ஆசாரி விட்டாலும், அதற்குள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

ஆகவே அதே வீடு, என் மனையில், ஜன்னலை மட்டும் தாழ்த்தி. மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு கெடு வைத்தாள்.

"மாசிக்குள்ள கூரை நிக்கோணும். இல்லேன்னா நான் அந்தப் பச்சை ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க சுண்ணாம்புலயே இருந்துக்குங்க."

பெர்மிட்டை நானே ஆபீசில் போய் நின்று வாங்கினேன். மைத்துனனிடம் கொடுக்கக் கூடாது என்று முதலமடையிலிருந்து வேறொரு காண்ட்ராக்டரை அழைத்து வந்தேன். அவர் கூட்டிவந்த கொத்தனார்கள் மனையைப் பார்த்தார்கள், நான் நீட்டிய பிளானைப் பார்த்தார்கள், சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

"இது வேண்டாமுங்க சார். இந்த ஊடு எங்களுக்கு மனப்பாடமுங்க. மழைக்காலம் பூரா இதைத்தான் கட்டீட்டிருந்தோம்."

பழகிய கை என்பதால் சுவர்கள் மளமளவென்று எழுந்தன. ஒருநாள் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் வாசிப்பறை ஜன்னல் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. இடிக்கச் சொன்னேன். இடித்தார்கள். இரண்டு நாள் கழித்து, தலைமைக் கொத்தனார் லீவில் போக, இன்னொருவர் மறுபடி இடுப்பு உயரத்துக்கே எழுப்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. கை அங்கேதான் போகும். அதையும் இடித்தோம்.

"இவ்வளவு தாழ வச்சா வெளியில போறவங்க எட்டிப் பாப்பாங்களே சார்" என்றார் தலைமைக் கொத்தனார்.

"நான் வெளியில பாக்கறதுக்குங்க."

"அதுக்கு வாசல் இருக்குதல்லங்க."

மாசி முடிவதற்குள் கூரை நின்றது. வைகாசியில் பால் காய்ச்சினோம்.

விசேஷத்துக்கு வந்த உறவுக்காரர்கள் யாரும் என்னிடம் வழி கேட்கவில்லை. குளியலறை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை; நேராகப் போனார்கள். சின்னப் பிள்ளைகள்கூட மாடிப்படியின் கீழே ஒளிந்துகொள்ளும் இடத்தைத் தெரிந்து வைத்திருந்தன. கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த மனைவியின் சித்தி சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க மாப்பிள்ளை. எங்க மவ வாங்கின வில்லாவைப் பாத்துக் கட்டினீங்களாக்கு?" என்றார். என் கட்டுரையைப் படித்தவரான ஆபீஸ் நண்பர், "அவ்வளவு கிண்டல் பண்ணி எழுதிப்போட்டுக் கடைசியில அதையே காப்பி அடிச்சிட்டீங்களே" என்று முதுகில் தட்டினார். விளக்கம் சொல்லப் போனேன். இரண்டு வாக்கியத்துக்குமேல் அதை யாரும் நின்று கேட்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

பந்தியருகே மைத்துனன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடியாடிக்கொண்டிருந்தான். நல்ல பையன், மாமாவுக்காக எப்படி உழைக்கிறான் பார் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்தில் போனபோதுதான் அவன் இலைக்கு இலை குனிந்து சொல்வது காதில் விழுந்தது: "பாத்தீங்களல்லங்க? அச்சு அசல் இதே மாடல்தான். இன்னும் ரெண்டு ஊடுதான் பாக்கி."

என் வீட்டுப் பால் காய்ச்சலில் என் வீட்டைக் காட்டியே என் வீட்டை விற்றுக்கொண்டிருந்தான். மனைவி பந்தியின் மறுகோடியில் நின்று அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வாசிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். ஜன்னலில் வயல் இருந்தது. வரப்பு இருந்தது. பனைகளின் அடிமரங்கள், நான் எந்த இடத்தில் நினைத்தேனோ அந்த இடத்தில், வரிசையாக நின்றன. இதை யாரும் எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டார்கள். அப்படியானால் இது ஒன்றாவது என்னுடையது. கோடையில் இங்கே உட்கார்ந்தவன் பார்த்ததும் இதைத்தான். கொஞ்ச நேரம் சத்தியமாகவே நிம்மதியாக இருந்தது.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வயல்காரர். வெளுத்த சட்டை போட்டிருந்தார். இப்போது அந்த வில்லாக் காலனிக்குப் பால் ஊற்றுகிறவர் அவர்தான். எல்லா வீட்டுச் சமையலறையும் அவருக்குப் பழக்கம். செருப்பை எங்கே கழற்றினாரோ, வெறுங்காலோடு நின்றிருந்தார். எழப்போன என்னைக் கையமர்த்தினார்.

"இருங்க சார், இருங்க. ஒரு தடவை சுத்திப் பாத்துட்டேன்."

இந்த வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி அவர். சுவர் இல்லாத காலத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக வந்த ஒரே மனிதர். அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அவர் அறைக்குள் வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலருகே போய் நின்று, முட்டியில் கைவைத்துக் குனிந்து, தன் வயலையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் அங்க இருக்கறாப்பலயே இருக்குதுங்க சார். இந்தச் சன்னல் ஒண்ணுதான் கொத்தனாரு தாழ வச்சுப்போட்டானாட்ட. உடுங்க, ஒரு பீரோவைக் கொண்டாந்து நிறுத்தீட்டா ஒருத்தருக்கும் தெரியாது."